படம் வந்தா சத்தம் வரல

உக்காருங்க தம்பி. அட, சும்மா உக்காருங்க. நீங்க இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தீங்கன்னா உள்ள சீக்கிரம் பொறந்துருமாக்கும்? தரை வேற ஈரமாக் கெடக்குது. அந்த நர்சம்மா உங்களை மொறைச்சுப் பாத்துட்டே போகுது. இப்பிடி வாங்க, ஃபேன் காத்து இந்த பெஞ்சுக்கு மட்டுந்தான் வருது.

மொதப் பிரசவமுங்களா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. எம்பட புள்ளைக்கும் மொதப் பிரசவந்தானுங்க. மோகனப்பிரியான்னு பேரு. வெள்ளென வலி கண்டுச்சு, காரைப் புடிச்சுக் கூட்டியாந்துட்டோம். எம்பட ஊட்டுக்காரி ருக்குமணி உள்ள கூட நிக்கறா. ஆம்பளைக்கு இங்க என்னங்க வேலை? பெஞ்சு தேய்க்கற வேலைதான்.

மாப்ளைங்களா? வருவாருங்க. பெங்களூர்ல இருக்காரு. தீபன்னு பேரு, நல்ல வேலை. வருவாரு. இத்தன நாளா வராததுக்கு ஒரு காரணம் இருக்குதுங்க. கேட்டீங்கன்னா தலையில அடிச்சுக்குவீங்க. ஒரு கேபிளுங்க தம்பி. ஒரே ஒரு கேபிளு. அது எம்பட உசுர வாங்கிப்போடுச்சு.

சிரிக்காதீங்க. முழுசாக் கேளுங்க.

நான் சென்னியப்பன். கவுந்தப்பாடிப் பக்கம். கரண்ட் ஆபீஸ்ல வேலை பாத்து லைன் இன்ஸ்பெக்டரா ரிட்டயர் ஆனவன். புயலடிச்சுக் கம்பம் சாஞ்சு ஊரே இருட்டாக் கெடந்தாலும் நம்மளத்தான் கூப்பிடுவாங்க. எந்தக் கம்பத்துல போச்சுன்னு கீழ நின்னுட்டே சொல்லிப்போடுவேன். அப்பேர்ப்பட்ட ஆளு, எம்பட சொந்த ஊட்டு ஹால்ல, அஞ்சு பொட்டிக்குச் சத்தம் குடுக்க முடியாம மூக்கறுபட்டு நின்னேனுங்க. பொழப்பு சிரிச்சுப் போச்சு.

எப்பிடி ஆரம்பிச்சுதுன்னா, மாப்ளைக்கு இந்த ஹோம் தியேட்டர்னா உசுருங்க. பெங்களூர்ல அவரு ஊட்டுல ஒரு ரூமே அதுக்குன்னு வெச்சிருக்காரு. சுத்தியும் ஸ்பீக்கரு, செவுரு அகலத்துக்கு டிவி. கலியாணம் ஆன புதுசுல போயிருந்தோம், எங்களை உக்காத்தி வெச்சு மழை பேயற மாதிரி ஒண்ணு போட்டுக் காட்டுனாரு. ருக்கு எந்திரிச்சு, காயப்போட்ட துணிய எடுக்கோணும்னு பால்கனிக்கு ஓடிட்டா. அவ்வளவு தத்ரூபமுங்க. பேச்சே வராத மனுசன், அன்னிக்கு என்னமாச் சிரிச்சாருங்கறீங்க! நான் அப்பவே நெனச்சுக்கிட்டேன், இந்த மனுசனப் பேச வைக்கோணும்னா இதுதான் வழின்னு.

ஏன்னா நம்ம ஊட்டுக்கு வந்தா அவருக்குப் பொழுது போகாது. தீவாளிக்கு வருவாரு, கோழியடிச்சுப் போடுவோம், ரெண்டு வாய் சாப்புட்டுட்டு ஃபோனை நோண்டிட்டே உக்காந்திருப்பாரு. அடுத்த நாள் காலையில பையத் தூக்கிருவாரு. ஒருக்கா அவரே சொன்னாருங்க, "மாமா, உங்க டிவியில பாட்டுக் கேட்டா கெணத்துக்குள்ள இருந்து யாரோ கூப்புடற மாதிரி இருக்குதுங்க"ன்னு. வெளையாட்டாத்தான் சொன்னாரு. எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு. சரி, பாத்தர்லாம்னு எறங்கினேன்.

கோயமுத்தூர் போயி எல்லாம் வாங்கியாந்தேன். ஃபோர்-கே டிவி, பெருசு. ஒவ்வொரு முடியும் தனித்தனியாத் தெரியுமாம். ஒரு ஆம்ப்ளிஃபயரு, அஞ்சு ஸ்பீக்கரு, அதில்லாம டம் டம்முன்னு அடிக்கறதுக்குன்னு ஒரு கருப்புப் பொட்டி. மாட்டறதுக்கு நசீர்னு ஒரு தம்பி வந்தான், கோயமுத்தூர்ல ஊரு ஊரா இதையே மாட்டிட்டுத் திரியறவன். எல்லாம் ஆச்சு. டிவிய நேரா வெச்சுப் போட்டா படம் வருதுங்க, பளிங்கு மாதிரி. ஆனா சத்தம் டிவிக்குள்ள இருந்தே வருது, அதே கெணத்துச் சத்தம். ஆம்ப்ளிஃபயர் வழியா விட்டா சத்தம் சுத்திச் சுத்தி வருது, டிவி கருப்பா நிக்குது. "சிக்னல் இல்லை"ன்னு ஒரு எழுத்து, அது பாட்டுக்கு எடத்த மாத்தி மாத்தி மெதக்குது. படம் வந்தா சத்தம் வரல. சத்தம் வந்தா படம் வரல. இதே பாட்டுத்தான். நசீரு செவுத்தத் தட்டிப் பாத்துட்டுக் கேக்கறான், "ஐயா, இதுக்குள்ள எந்தக் காலத்துக் கேபிளு போட்டீங்க?"

அங்கதானுங்க மாட்டிக்கிட்டேன். அந்த ஊடு நான் நின்னு கட்டுனது. ஒரு ஒயரு வெளிய தெரியக்கூடாதுன்னு கொத்தனார் கழுத்துல உக்காந்து வேலை வாங்கினேன். கரண்டு ஒயருக்கெல்லாம் முறையா பைப்பு போட்டாச்சு. பொட்டி வெக்கற எதிர்ச் செவுத்துல இருந்து டிவிக்குப் போற இந்தக் கேபிளு மட்டும் கடைசி நேரத்துல வந்துச்சு. அடுத்த நாள் வெடியக்கால முகூர்த்தம், பால் காய்ச்சோணும், ஐயர் வந்துருவாரு. கொத்தனாரு பைப்பு வாங்கியாரட்டுங்களான்னான். "அட, இதென்ன கரண்டா ஓடப்போகுது, செவுத்துல காடி வெட்டி அப்பிடியே பதிச்சுப் பூசுப்பா"ன்னுட்டேன். அது பழைய கேபிளு, இந்த ஃபோர்-கே படத்தத் தாங்க முடியலை. உருவி எடுக்கலாம்னா பைப்பு இல்லை, சிமிட்டியோட சிமிட்டியாக் கெடக்குது. செவுத்த ஒடைச்சாத்தான் ஆச்சு.

ஒடைச்சர்லாமே, அதுக்கென்னன்னு கேக்கறீங்க. நானும் அதையேதான் கேட்டேன். சுத்தியலும் உளியும் எடுத்து வெச்சாச்சு. அந்த வாரந்தானுங்க புள்ள வந்து எறங்குச்சு, நாலாம் மாசம். பெங்களூர்த் தண்ணி ஒத்துக்கல, வாந்தியாக் கெடக்குதுன்னு. பொட்டி பொட்டியாச் சாமான். இத்தன எதுக்கு சாமின்னேன். "பிரசவம் முடிய இருக்கோணுமல்லங்கப்பா"ன்னுச்சு. வளைகாப்பு ஆகி ஏழாம் மாசத்துலயோ ஒம்போதாம் மாசத்துலயோ வாரதுதான் வழக்கம். இந்தக் காலத்துல யாருங்க வழக்கம் பாக்கறாங்க? எனக்குச் சந்தோசந்தான்.

ருக்கு என்ன பண்ணுனா தெரியுமுங்களா, நேரா வந்து உளியப் புடுங்கிக் கோழிக்கூட்டுமேல போட்டுட்டா. "புள்ளைத்தாச்சி இருக்கற ஊட்டுல செவுத்த ஒடைப்பீங்களா? ஒரு ஆணி அடிச்சுப் பாருங்க, நான் என்ன பண்றேன்னு பாருங்க." உங்க பக்கமும் இது உண்டுதானுங்களே? உண்டு. எல்லா ஊட்டுலயும் உண்டு. புள்ள பொறக்கற வரைக்கும் ஊட்டுல உளி படக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது, ஓட்டை போடக்கூடாது. கம்பத்துல ஏறி நின்னவன் நான், இதையெல்லாம் நம்பறவன் கெடையாதுங்க. ஆனா வயித்துல இருக்கறது நம்ம பேரன் பேத்தியல்லங்க? நம்பிக்கை இல்லாமலே கையக் கட்டிட்டு நின்னுட்டேன்.

அதுக்கப்பறம் நான் பட்ட ரோதனை இருக்குதே! சரி, செவுத்துக்கு வெளியிலயே புதுக் கேபிளு போட்டுக்கலாம்னு பிளாஸ்டிக் பட்டை வாங்கியாந்தேன். அதுக்கு ஆணி அடிக்கோணும், அடிக்கக்கூடாது. ரெண்டு பக்கமும் ஒட்டற டேப்பு வெச்சு ஒட்டுனேன். சித்திரை வெயில்ல டேப்பு எளகி, மத்தியானம் எல்லாரும் சாப்புட்டுட்டிருக்கறப்ப பட்டை அப்பிடியே பேந்து ரசப் போசிக்குள்ள உழுந்துச்சு. தரையில விட்டேன். "புள்ள தடுக்கி உழுந்தா என்னங்க பண்றது?"ன்னு ருக்கு சுருட்டித் தூக்கிப் போட்டுட்டா. அதும் நாயந்தான். எனக்கு அழுகையே வந்துருச்சுங்க.

பின்னால வெக்கற ஸ்பீக்கரு ரெண்டும் காது ஒசரத்துல செவுத்துல மாட்டோணும். மாட்ட முடியாது, ஆணி. அதுல ஒண்ணை வெக்கற மூலை ஈசானி மூலை, அங்க சாமி படம். அந்த ஸ்பீக்கர அரிசி டின்னு மேல தூக்கி வெச்சேன். பாட்டுப் போட்டா டின்னு மூடி கடகடன்னு ஆடுது. அந்த டம் டம் பொட்டியப் போட்டேன், புள்ள வயித்தப் புடிச்சுக்கிட்டு, "அப்பா, உள்ள ஒதைக்குதுங்கப்பா"ன்னுச்சு. சிரிச்சுட்டேதான் சொல்லுச்சு. ருக்கு வந்து பிளக்கப் புடுங்கிட்டா. ஆக அஞ்சு பொட்டியில ஒண்ணு அரிசி டின்னுமேல, ஒண்ணு முக்காலிமேல, பெரிய பொட்டி துணி மூடி, டிவி கருப்பா. இதுதானுங்க எம்பட ஹோம் தியேட்டரு.

இந்த லட்சணத்துலதான் அஞ்சாம் மாசம் மாப்ளை வந்தாரு. கார்லயே வந்தாரு, சொல்லாமக் கொள்ளாம. நான் ஓடுனேன், வாங்க மாப்ளைன்னு. நேராப் புள்ளையோட ரூமுக்குப் போனாரு. கதவு சாத்திக்கிச்சு. ரொம்ப நேரமுங்க. புருசன் பொண்டாட்டி பேச ஆயிரம் இருக்கும், நமக்கென்ன. நான் அந்த நேரத்துல எல்லா ஒயரையும் கழட்டிக் கழட்டி மாட்டிட்டிருந்தேன், அவரு வெளிய வாரப்பவாவது படம் வந்து தொலையட்டும்னு. வந்தாரு. "சிக்னல் இல்லை." நான் ரிமோட்ட வெச்சுட்டு அந்தண்ட இந்தண்ட ஓடறேன். அவரு நின்னு பாத்தாரு. மூஞ்சி சரியில்லைங்க. "மாமா, செவுத்துக்குள்ள இருக்கற கேபிளு பழசுங்க. அதை மாத்துனாத்தான் ஆகும்"னு சொன்னாரு. காப்பித் தண்ணிகூடக் குடிக்கலீங்க. காரெடுத்துட்டுப் போயிட்டாரு.

அன்னிக்கு மட்டும் படம் வந்திருந்தா அவரு உக்காந்திருப்பாருங்க தம்பி. சத்தியமாச் சொல்றேன். ஒரு படம் பாத்திருப்பாரு, ராத்திரி தங்கியிருப்பாரு, காலையில ரெண்டு வார்த்தை பேசியிருப்பாங்க. அந்த ஒரு கேபிளு பண்ணுன வேலை பாருங்க.

புள்ள வெளியவே வரலை. ருக்கு உள்ள போயிட்டு வந்தா, கண்ணு செவந்து கெடந்துச்சு. என்னடின்னேன். வெங்காயம் அரிஞ்சேன்னா. அன்னிக்கு ஊட்டுல உப்புமா. சரி, அதுலயும் வெங்காயம் போடுவாங்கல்லன்னு உட்டுட்டேன்.

அப்பறம் வளைகாப்பு வந்துச்சு. மாப்ளை வரலை, லீவு இல்லைன்னு புள்ள சொல்லுச்சு. சொந்தக்காரங்க எல்லாம் எங்க மாப்ளை, எங்க மாப்ளைன்னு நச்சரிக்கறாங்க. நான் அவங்களை ஹாலுக்குக் கூட்டிட்டுப் போயி டிவியக் காட்டி, "இது சரியானதும் வந்து ஒரு வாரம் தங்கறேன்னிருக்காரு"ன்னேன். அவரு அப்பிடிச் சொல்லல. சொல்லியிருப்பாருன்னு வெச்சுக்குங்க. எம்பட தங்கச்சி ஒருத்தி என்னை ஒரு பார்வை பாத்தா பாருங்க! பொறாமைங்க. அவ ஊட்டுல இன்னும் டப்பா டிவி.

தெனமும் சாயங்காலம் நான் அந்த ஒயரோட மல்லுக்கட்டிட்டு உக்காந்திருப்பேன். புள்ள காப்பிய எடுத்துட்டு மெதுவா வந்து சோபாவுல உக்காரும். "ஆச்சுங்களாப்பா?"ன்னு கேக்கும். "இல்ல கண்ணு, இன்னிக்கு ஆகலை"ம்பேன். "சரிங்கப்பா. நாளைக்குப் பாத்துக்கலாம்"னுட்டுப் போகும். அது கேக்கறப்ப நெனச்சுக்குவேன், புருசனை வர வெக்க முடியலையே இந்த அப்பனாலன்னு.

என்ன சொல்றீங்க? ஒயரே இல்லாம அனுப்பற மெசினு இருக்குதுங்களா? தெரியுமுங்க. அது தடை படும்னு நசீரு சொன்னான். வேற? மாடி வழியா? ம்... அதும் யோசிச்சோம். நீங்க என்ன வேலைங்க பாக்கறீங்க? ஆபீசுகள்ல நெட்வொர்க்கு கேபிளு போடறதா? அப்ப உங்களுக்கு எல்லாந் தெரியும்.

இல்லைங்க, அதெல்லாம் வேண்டாங்க. நீங்க எதுக்குச் சிரமப்பட்டுட்டு. பெருந்துறையில இருந்து நீங்க வந்து... வேண்டாங்க தம்பி. ஒரு மணி நேர வேலையாவே இருக்கட்டுமுங்க. உங்களுக்கே கொழந்தை பொறக்கப் போகுது, நீங்க அதப் பாருங்க. அட, ஃபோன் நம்பரெல்லாம் எதுக்குங்க. வேண்டாம்னு சொல்றனல்ல!

கோவிச்சுக்காதீங்க. சத்தமாப் பேசிட்டேன். நல்ல மனசோட கேட்டீங்க, நாந்தான் வெடுக்குன்னு உழுந்துட்டேன்.

அது ஓடுதுங்க தம்பி.

ஆமாங்க. ஓடுது. போன மாசத்துல இருந்தே ஓடுது. படமும் வருது, சத்தமும் வருது.

நசீருதான் வழி கண்டுபுடிச்சான். மொட்டை மாடியில இருந்து டிஷ்ஷு ஒயரு வாரதுக்கு ஒரு பைப்பு டிவிக்குப் பின்னால எறங்குது. ஆம்ப்ளிஃபயர் இருக்கற பக்கம் சன்னல் வழியா ஏத்தி, மாடியில ஓட்டி, அந்தப் பைப்புல எறக்கிட்டா உளியும் வேண்டாம், ஆணியும் வேண்டாம். சாதாக் கேபிளு அத்தன நீளத்துக்குத் தாங்காதுன்னு உள்ள கண்ணாடி இழை ஓடற கேபிளு ஒண்ணு கொண்டாந்தான். ருக்குவும் புள்ளையும் செக்கப்புக்கு இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் வந்திருந்தாங்க. அவங்க வாரதுக்குள்ள முடிச்சர்லாம்னு பாத்தோம். அதுலயும் நான் ஒரு கூத்துப் பண்ணினேன். அந்தக் கேபிளுக்கு ஆம்ப்ளிஃபயர் முனை வேற, டிவி முனை வேறயாம், அம்புக்குறி போட்டிருந்துச்சு. "ஒயருக்கு ஏதுடா திசை, எந்தப் பக்கம் மாட்டுனாலும் ஓடும்"னு நாந்தான் அவனை அடக்கிட்டேன். மாத்தி எறக்கிட்டோம். "சிக்னல் இல்லை." திரும்ப முழுசா உருவி, திருப்பிப் போட்டு, மாடிக்கும் ஹாலுக்கும் ஏறி எறங்கி முட்டி தேஞ்சுபோச்சு.

அப்பறம் போட்டான் பாருங்க. வந்துச்சு. கடலு. அலை முன்னால அடிச்சு, பக்கத்துல ஓடி, முதுகுக்குப் பின்னால போயி அடங்குச்சு. துணிய எடுத்துட்டு டம் டம் பொட்டியையும் போட்டுட்டோம். ஒவ்வொரு துளியும் தெரியுதுங்க. நானும் நசீரும் ஒருத்தன ஒருத்தன் கட்டிப் புடிச்சுக்கிட்டோம். அவன் கெளம்பிப் போனதும் மொத வேலையா மாப்ளைக்கு ஃபோன் அடிச்சேன்.

எடுத்துட்டாரு. எப்பவும் எடுக்கறவரில்லை, அன்னிக்கு எடுத்துட்டாரு. "மாப்ள! ஆயிருச்சுங்க! கேளுங்க, கேளுங்க"ன்னு ஃபோனை ஒவ்வொரு ஸ்பீக்கரு கிட்டயும் கொண்டுபோயிக் காட்டறேன். இது முன்னால இருக்கறதுங்க, இது பக்கத்துல, இது பின்னால, அரிசி டின்னு மேல இருக்கறது, கேக்குதுங்களா? அப்பறம், "மாமா, கொஞ்சம் சத்தத்தக் கொறைங்க. உங்ககிட்ட ஒண்ணு பேசோணும்"னாரு. நான் நிறுத்திட்டேன்.

"மோகனா உங்ககிட்டச் சொல்லலீங்களா?"ன்னு கேட்டாரு.

சொல்லலீங்களே தம்பி. எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலீங்களே. அன்னிக்குக் கதவச் சாத்திட்டுப் பேசுனது அதான். இனி சேந்து இருக்க முடியாது, கொழந்தைக்கு வேணும்கறதப் பண்ணிர்றேன், ஆனா வரமாட்டேன்னு. வேற ஒரு பக்கம் மனசு போயிருச்சு அவருக்கு. அதை எம்பட வாயால நான் சொல்ல மாட்டேன். மருவாதியாத்தான் பேசுனாரு, மாமா மாமான்னு. அந்த மருவாதிதானுங்க எனக்குத் தாங்கலை. ரெண்டு வார்த்தை கெட்டதாப் பேசியிருந்தா நானும் பேசியிருப்பேன். நான் என்ன கேட்டேன் தெரியுமுங்களா? "அப்ப, கேபிளுக்காக இல்லீங்களா மாப்ள?"ன்னு கேட்டேன். அவரு ஃபோனை வெச்சுட்டாரு.

அவங்க ஆட்டோவுல வந்து எறங்கற சத்தம் கேட்டுச்சு. நான் என்ன பண்ணினேன்னு எனக்கே தெரியலீங்க. அந்தக் கேபிளு முனையப் புடுங்கி டிவிக்குப் பின்னால ஒளிச்சு வெச்சுட்டேன். சாயங்காலம் புள்ள காப்பியோட வந்து உக்காந்துச்சு. "ஆச்சுங்களாப்பா?" "இல்ல கண்ணு." அன்னிக்கும் அப்பிடித்தான், நேத்தைக்கும் அப்பிடித்தான். ஆயிருச்சுன்னு சொன்னா, அப்பறம் அவரு வராததுக்குக் காரணம் வேணுமல்லங்க? கேபிளே காரணமா இருந்துட்டுப் போகட்டும்னு வெச்சுக்கிட்டேன். புள்ள மனசுல என்ன இருக்குதோ, நெறமாசக்காரி, இந்த அப்பனுக்குத் தெரியாதுன்னு நிம்மதியா இருக்கட்டும்னு.

நீங்களே சொல்லுங்க, வேற என்ன பண்றது? கரண்டு போனாக் கம்பம் கம்பமா நடந்து எங்க அத்துப்போச்சுன்னு பாத்துருவேன். இதை எங்கீங்க போயிப் பாக்கறது?

இருங்க, ருக்கு வாரா. ஏ புள்ள, என்னாச்சு? என்னடி, அழுவறயா, சிரிக்கறயா? தம்பி, இந்தப் பைய மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க. வந்தர்றேன்.

வந்துட்டேனுங்க தம்பி. பை இருக்குதுங்களா? ரொம்ப நேரம் ஆயிருச்சோ. பொண்ணுங்க. பேத்தி. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. தலை நெறைய முடி. அழுகை என்னமா இருக்குதுங்கறீங்க, சின்ன ஒடம்புல இருந்து அத்தன சத்தம்! மிட்டாய் வாங்கியாரச் சொல்லியிருக்கேன், உங்களுக்கும் வரும்.

நான் சொல்லிட்டேனுங்க. புள்ளைகிட்ட. சொல்லோணும்னு நெனச்சுட்டுப் போகலை. கட்டில்ல வேத்து ஓஞ்சு கெடக்குது, பக்கத்துல அந்தச் சின்னது. ருக்கு தண்ணி எடுக்கப் போயிட்டா. நான் பாட்டுக்கு வாயத் தொறந்துட்டேன். "அம்மிணி, அந்த டிவி ஓடுது சாமி. போன மாசமே ஓடிருச்சு. நாந்தான் உங்கிட்டப் பொய் சொல்லிட்டேன்"னேன்.

அது என்ன சொல்லுச்சு தெரியுமுங்களா?

"தெரியுங்கப்பா"ன்னுச்சு.

எப்பிடி சாமின்னேன். "நீங்க சந்தைக்குப் போனப்ப அம்மா தூசி தட்டுச்சு, பின்னால ஒரு புது ஒயரு கெடந்துச்சு. மாட்டிப் பாத்தோம். நானும் அம்மாவும் ரெண்டு படம் பாத்துட்டோங்கப்பா"ங்குது! ரெண்டு படமுங்க! நான் சந்தையில தக்காளி பொறுக்கிட்டு நிக்கறேன், இவங்க உக்காந்து படம் பாத்திருக்காங்க. ஒரு எடத்துல கதவு தட்டற மாதிரி சத்தம் வந்து, ருக்கு எந்திரிச்சுப் போயிக் கதவத் தொறந்து பாத்தாளாமுங்க. சொல்லிச் சொல்லிச் சிரிக்குது, தையல் போட்ட ஒடம்போட. "சிரிக்காத சாமி, வலிக்கும்"ங்கறேன்.

அப்பறம் சிரிப்பு நின்னுச்சு. "படம் ஓடியும் நீங்க ஓடலைன்னு சொன்னீங்கல்லங்கப்பா, அப்பவே தெரிஞ்சுபோச்சு, அவரு உங்ககிட்டச் சொல்லிட்டாருன்னு"ன்னுச்சு. அப்பறம் ஏன் கண்ணு தெனமும் ஆச்சுங்களான்னு கேட்டயின்னேன். "நான் கேக்காம உட்டா, எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சுருமேங்கப்பா. நீங்க கஷ்டப்படுவீங்க"ங்குது.

பாத்தீங்களா தம்பி? நான் அதுக்காக மூடி வெச்சிருக்கேன், அது எனக்காகக் கேட்டுட்டு உக்காந்திருக்குது. நெறமாச வயித்தத் தூக்கிட்டு, காப்பியும் கையுமா, தெனமும் வந்து கேட்டுட்டுப் போயிருக்குதுங்க. எம்பட புள்ளைங்க. அழுதுட்டேனுங்க. அது எம்பட கையப் புடிச்சுக்கிட்டு, "அவருக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிட்டீங்களாப்பா?"ன்னு கேட்டுச்சு. இல்ல கண்ணுன்னேன். "நானே ஒரு மெசேஜ் அனுப்பிக்கறேன். நீங்க இனிமே அவரைக் கூப்புட வேண்டாங்கப்பா. எனக்காகக் கூப்புட வேண்டாம்"னுச்சு. சரி சாமின்னேன்.

கோவமா இருக்குதுங்க தம்பி. அந்த ஆளு மேல அத்தன கோவம். அந்தச் சின்னது மூஞ்சியப் பாத்தீங்கன்னா, அது கண்ண முழிச்சுச் சுத்தியும் தேடுது. நான் குனிஞ்சு எம்பட மூஞ்சியக் காட்டுனேன். அது பாட்டுக்குத் தேடுது. இன்னும் பார்வை தெரியாதுன்னு நர்சம்மா சொல்லுச்சு. எனக்கென்னமோ தேடற மாதிரித்தான் இருந்துச்சு.

தம்பி. தம்பி, உங்களைத்தானுங்க. அந்தக் கதவுகிட்ட நர்சம்மா உங்க பேரச் சொல்லித்தான கூப்புடுது? ஆமாங்க, உங்களைத்தான். என்ன, எம்பட மூஞ்சியப் பாத்துட்டு நிக்கறீங்க? செருப்பு கெடக்கட்டும், நான் பாத்துக்கறேன். போங்க. உங்க ஊட்டுக்காரி கண்ண முழிச்சதும் உங்களைத்தான் தேடும். ஓடுங்க தம்பி, ஓடுங்க!